கிடாயிடம் கேட்கிறோம், கோழியிடம் கேட்பதில்லை

கொங்கு நாட்டில் கிடாய் வெட்டுகிற கோயில் நோம்பியில், அதாவது திருவிழாவில், ஒரு நிமிடம் எல்லாச் சத்தமும் அடங்கும். கிடாயைக் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சத்தண்ணியைத் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டு எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தண்ணி காது மடலில் இறங்கித் தாடைக்குக் கீழே சொட்டும். தலையில் ஆரம்பித்து வால் வரைக்கும் கிடாய் உடம்பை ஒரு உதறு உதறினால் "துளுக்கிருச்சு" என்று குரல் எழும். அதற்குப் பிறகுதான் அருவாள். உதறாவிட்டால் வெட்டமாட்டார்கள். இன்னொரு செம்பு ஊற்றுவார்கள். பூசாரி சாமியிடம் பேசுவார். பங்காளிகளுக்குள் மனக்குறை ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள் என்பார்கள். அரை மணி நேரம் காத்திருப்பதும் உண்டு.

நனைந்த ஆடு உதறத்தான் செய்யும். காதிலும் முதுகிலும் ஈரம் பட்டால் தோல் தானாகச் சிலிர்த்துத் தண்ணீரை வீசி எறியும். அது உடம்பின் அனிச்சை வேலை, சாவதற்குக் கொடுத்த சம்மதம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காத்திருப்பு கிடாய்க்காக ஏற்பட்டதல்ல, நமக்காக ஏற்பட்டது. கையில் வளர்ந்த உயிரை எடுப்பதற்கு முன்னால் நின்று கேட்டுத்தான் ஆகவேண்டும், கேட்காமல் எடுத்தால் குற்றம் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. அந்த நினைப்பை வைத்துக்கொண்டே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கறி பற்றிய பேச்சு வந்தால் நம் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "காட்டுல நெனச்ச பக்கம் திரிஞ்சு, நெனச்சதத் தின்னு வளந்த பன்னிய ஒரு வெடியில சாய்க்கறது பாவமா, செட்ட விட்டு ஒரு நாள்கூட வெளிய வராத கோழிய அறுக்கறது பாவமாங்க?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாழ்ந்த வாழ்க்கையை மட்டும் பார்த்தால் காட்டு விலங்கின் பக்கம்தான் தட்டு தாழும். ஆனால் ஒரு உயிரைத் தின்பதற்காகக் கொல்லும்போது வாழ்க்கை, சாவு, எண்ணிக்கை என்று மூன்றையும் பார்க்க வேண்டும். அதன் பிறகு நாலாவதாக ஒன்று வருகிறது: அந்த உயிர் இந்த உலகத்துக்கு வந்ததற்கு யார் பொறுப்பு?

முதலில் காடு. கொங்கைச் சுற்றிச் சத்தியமங்கலம், பர்கூர், ஆனைமலை, கொல்லிமலை என்று மலை இருப்பதால் வேட்டைக்கறி இங்கே கேள்விப்படாத விஷயமல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று எதைச் சொல்கிறது என்பதைப் பலர் சரியாகத் தெரிந்துகொள்வதில்லை. கொல்வது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பது, துரத்துவது, இரை வைத்து இழுப்பது, முட்டையை எடுப்பது, இவற்றைச் செய்ய முயல்வது எல்லாமே வேட்டைதான். 2022இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளைக் குறைத்த பிறகு மயில், உடும்பு, எறும்புதின்னி முதலியவை முதல் அட்டவணையிலும் காட்டுப்பன்றி, முயல் போன்றவை இரண்டாம் அட்டவணையிலும் இருக்கின்றன. முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. கறியை வாங்கி வைத்திருப்பதும் குற்றம். "நான் சுடலைங்க, ஒரு கிலோதான் வாங்கினேன்" என்ற சமாதானம் செல்லாது.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் வேட்டையின் பெரிய குறை ஒன்று அப்படியே நிற்கிறது. மேலே கேட்ட கேள்வியில் வரும் "ஒரு வெடியில சாய்க்கறது" நிஜத்தில் அபூர்வம். நாட்டுத் துப்பாக்கியில் போடும் ரவை சிதறிப் போகும். வயிற்றிலோ தொடையிலோ பட்ட பன்றி இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடிப் புதருக்குள் படுத்துச் சாகும். சில நாள் கழித்து நாற்றம் வந்தால்தான் இருக்கும் இடம் தெரியும். கம்பிச் சுருக்கு அதைவிடக் கொடுமை. கழுத்தில் விழுந்தால் மூச்சு இறுகிச் சாவு. இடுப்பிலோ காலிலோ விழுந்தால் இழுக்க இழுக்கக் கம்பி சதைக்குள் இறங்கும். வைத்த ஆள் காலையில் வருவாரா மறுநாள் வருவாரா என்பது அவர் சௌகரியம். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தையும் விழும், நாயும் விழும். கம்பிக்கு ஆள் தெரியாது.

அவுட்டுக்காய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ வெடிமருந்தை மறைத்துப் பன்றி வரும் தடத்தில் போடுவது. கடித்த நொடியில் தாடை சிதறும். அதில் உடனே சாகும் பன்றியும் உண்டு, வாயில்லாமல் ஓடிப் பட்டினியில் சாகும் பன்றியும் உண்டு. கோவை வனக்கோட்டத்தில் வாய் புண்ணாகி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் இளைத்துச் செத்த யானைகளில் அவுட்டுக்காய் கடித்தவை இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை ஒன்று வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே 2020 மே 27 அன்று இறந்தது. வாயில் எரிச்சல் தாங்காமல் தண்ணீரில் போய் நின்றது அது. பன்றிக்கறிக்கோ பயிர்க்காவலுக்கோ என்று வைத்த பொறிக்கு அது கொடுத்த விலை அப்படி.

வேட்டை விலங்குக்கு யாரும் சினை பார்ப்பதில்லை என்பதும் கணக்கில் வரவேண்டும். பால் கொடுக்கும் தாய்ப்பன்றி விழுந்தால் நாலைந்து குட்டிகள் பள்ளத்தில் கிடந்து சாகும், அவை யார் எண்ணிக்கையிலும் வராது. பன்றி சீக்கிரம் பெருகும் இனம் என்பதால் கூட்டம் தாங்கிக்கொள்ளும். எறும்புதின்னி ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அதில் ஒன்றைக் கொன்றால் அந்த மலைச்சரிவுக்கு அது ஈடுகட்ட முடியாத நஷ்டம். "காட்டுக்கறி" என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

கறி நன்றாக இருக்கும் என்பதும் பாதி உண்மைதான். துரத்தி, ஓடவிட்டு, களைக்க வைத்துக் கொன்ற விலங்கின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோயிருக்கும். ஓய்வாக இருந்து அறுபட்ட ஆட்டின் கறியில் அந்தச் சத்து அமிலமாக மாறி, அமில-கார அளவு 5.5 முதல் 5.8 வரைக்கும் இறங்கும். ஓடிச் செத்ததில் இறங்காது. கறி கருஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று இருக்கும், சீக்கிரம் கெடும். நாய் விட்டுப் பிடித்த முயல் சட்டியில் ஒரு மாதிரி கவிச்சி அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தோடு காட்டுப்பன்றியில் நாடாப்புழுவின் இளம்புழுப் பைகளும் தசைப்புழுவும் இருக்கலாம். கறியைப் பார்க்கக் கால்நடை மருத்துவர் யாரும் கிடையாது.

மலையில் வாழும் சோளகர், ஊராளி, மலசர் போன்ற மக்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேவைக்கு மட்டும் எடுத்து, ஈனும் காலத்தில் விட்டுவைத்து, விலைக்கு விற்காமல் உண்டவர்கள் அவர்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, நெல்லிக்காய்க்கெல்லாம் உரிமை கொடுத்தது. வேட்டை உரிமையை மட்டும் எழுத்தில் விலக்கி வைத்தது. இன்றைக்கு இருக்கும் விலங்கு எண்ணிக்கையில் அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் கீழ்நாட்டிலிருந்து காரில் வந்து கறி கேட்பவர்களால் சுருங்கிய காட்டுக்கு அவர்கள் தண்டனை கட்டுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது.

சரி, பயிரை அழிக்கும் பன்றி? இது நிஜமான வேதனை. தொண்டாமுத்தூர், காரமடை, மதுக்கரைப் பக்கத்தில் கடலை, மக்காச்சோளம், வாழை, குச்சிக்கிழங்கு எது போட்டாலும் ஒரு கூட்டம் ஒரே ராத்திரியில் புரட்டிப் போட்டுவிடும். பழைய சேலையை வேலி மாதிரி கட்டினால் சில வாரம் பயப்படும், பிறகு பழகிக்கொள்ளும். சோலார் வேலி வேலை செய்யும், அடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொடாமல் வாரம் ஒருமுறை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரைக்கும் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் உத்தரவில் சுட அனுமதித்த கேரளாவிலும் செத்த பன்றியைப் புதைக்கத்தான் வேண்டும், தின்னக்கூடாது.

கொன்றதைப் புதைப்பது வீண் இல்லையா என்று கேட்பார்கள். கொன்ற உயிரை வீணாக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும், எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் புதைப்பதுதான் சரி என்றே நினைக்கிறேன். கறிக்கு விலை வந்த மறுநாளே பயிரைக் காக்கும் வேலை கறியைத் தேடும் வேலையாக மாறிவிடும். 3 கிலோமீட்டர் கணக்கை யாரும் அளந்துகொண்டிருக்க மாட்டார்கள், அவுட்டுக்காய் பெருகும். இன்னொரு காரணம் நோய். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் இந்தியாவுக்குள் வந்தது. பிறகு முதுமலையில் காட்டுப்பன்றிகளும் அதில் செத்தன. அந்தக் கறித்துண்டோ கழுவிய தண்ணீரோ வெண்பன்றிப் பண்ணைக்குள் போனால் கொட்டில் முழுக்கக் காலி. மனிதருக்கு அது ஒட்டாது, பன்றிக்கு மருந்தும் கிடையாது.

இங்கேதான் காடும் பண்ணையும் தனித்தனி என்ற எண்ணம் உடைகிறது. ஒரு கறிக்கோழி 2 கிலோ எடைக்கு வர 3.2 கிலோவுக்கு மேல் தீவனம் தின்கிறது. அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 2 கிலோ, மக்காச்சோளம். ஏக்கருக்கு 25 குவிண்டால் எடுத்தால் 1,250 கோழிக்குத்தான் ஆகும். 5,000 கோழி விடும் ஒரு செட்டுக்கு ஒரு பேட்சுக்கு 4 ஏக்கர், வருடத்துக்கு 6 பேட்ச் என்றால் 24 ஏக்கர் மக்காச்சோளம். அந்த மக்காச்சோளக் காடு உடுமலையில் இருக்கலாம், வேறு மாநிலத்தில் இருக்கலாம். எங்கே இருந்தாலும் அதைப் பன்றியிடமிருந்தும் மயிலிடமிருந்தும் படைப்புழுவிடமிருந்தும் காத்தாக வேண்டும். காப்பதில் உயிர் போகிறது. நாம் தின்னும் பண்ணைக்கோழிக்குப் பின்னால் வேலியோரத்தில் செத்த காட்டு விலங்கும் இருக்கிறது, கடையில் எடை போடும்போது அது தட்டில் வருவதில்லை.

எல்லோரும் காட்டுக்கறிக்கு மாறினால் என்ன ஆகும் என்று பார்க்கவும் ஒரு கணக்கு போதும். 2018இல் வெளியான உலக உயிர்ப்பொருள் மதிப்பீட்டில், பூமியிலுள்ள பாலூட்டிகளின் மொத்த எடையில் 60 சதவீதம் நாம் வளர்க்கும் கால்நடை, 36 சதவீதம் மனிதர்கள், காட்டுப் பாலூட்டிகள் வெறும் 4 சதவீதம். பறவைகளில் 70 சதவீதம் வளர்ப்புக் கோழி வகை. மிச்சமிருக்கும் அந்த 4 சதவீதத்திடம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைக் கேட்க முடியாது.

இனிப் பண்ணை. பல்லடம், உடுமலை, நாமக்கல் என்று கறிக்கோழியிலும் முட்டையிலும் கொங்கு நாடு இந்தியாவுக்கே முன்னால் நிற்கிறது. இந்தத் தொழிலால் வானம் பார்த்த நிலத்தை விட்டு ஓடாமல் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். அதை மறந்துவிட்டு யாரும் கோழிக்காகப் பேசக் கூடாது. கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து கொடுக்கும். விவசாயி செட்டு, தரையில் பரப்பும் தேங்காய் மஞ்சி, கரண்ட், உழைப்பு கொடுப்பார். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வளர்ப்புக்கூலி வாங்குவார். கோழி அவருடையதல்ல, அதன் வேகத்தை நிர்ணயிப்பவரும் அவரல்ல.

வேகம்தான் முதல் பிரச்சினை. 42 கிராம் குஞ்சு 40 நாளில் 2 கிலோவுக்கு மேல் வருகிறது, ஏறக்குறைய 48 மடங்கு. எலும்பும் நெஞ்சும் சதையின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. கால் வளைந்து உட்கார்ந்தே தின்னும் கோழி, வயிற்றில் நீர் கோத்து நீலம் பாய்ந்த கொண்டையோடு மூச்சு வாங்கும் கோழி, நன்றாகத் தின்றுகொண்டிருந்து திடீரென்று ஒரு துள்ளு துள்ளி மல்லாந்து சாகும் கோழி என்று மூன்று வகையையும் எந்தப் பண்ணைக்காரரும் காட்டுவார். 4, 5 சதவீதம் சாவது சாதாரணம் என்று வைத்துத்தான் கணக்கு நடக்கிறது. அதாவது 5,000க்கு 200, 250. இந்தக் குஞ்சுகளின் தாய்தகப்பன் நிலைமை இன்னும் மோசம். அதே பசி, அதே வளர்ச்சி வேகம் அவற்றுக்கும் உண்டு. முழு வயிற்றுக்குப் போட்டால் கொழுத்து முட்டை போடாது, செத்துவிடும் என்பதால் அளந்து அரைவயிற்றுக்குத்தான் போடுகிறார்கள். வாழ்நாள் பூராவும் பசி.

செட்டுக்குள் நடந்துவிட்டு "நல்லாத்தான இருக்குது" என்று சொல்வது எளிது. கோழியின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். தண்ணிக் குழாயின் நிப்பிள் கசிந்து மஞ்சி ஈரமானால் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். அது தரையோரத்தில்தான் அதிகம். நம் மூக்குக்கு லேசாகப் படும்போதே கீழே கோழியின் கண்ணில் நீர் வடியும். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் கறுப்பாகப் புண் வெந்திருக்கும். தினமும் மஞ்சியைக் கிளறிவிட்டு, கட்டியானதை அள்ளிப் போட்டு, தண்ணிக் குழாயின் உயரத்தைக் கோழியின் முதுகு மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் இதில் பெரும்பகுதி வராது. சித்திரை வெயிலில் காலை 10 மணியிலிருந்து சாயங்காலம் 4 மணி வரைக்கும் தீவனத்தைத் தூக்கிவிட வேண்டும், செரிக்கும் சூடும் சேர்ந்தால் கோழி தாங்காது. நல்ல பண்ணைக்காரர்கள் இதையெல்லாம் செய்கிறார்கள். கூலி உயர்ந்தால் இன்னும் பலர் செய்வார்கள், ஒரு ஆள் கூடுதலாக வைக்க முடியும்.

ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரியாது. புரட்டாசியிலும் கார்த்திகையிலும் நாம் கறியை விடும்போது விலை விழுகிறது, வண்டி வருவது தள்ளிப்போகிறது. 2 கிலோவில் போகவேண்டிய கோழி 2.7, 2.8 கிலோ வரைக்கும் அதே ஒரு சதுர அடியில் நிற்கிறது. விரதத்தின் பாரம் கொஞ்சம் அதன் காலில்தான் இறங்குகிறது. புரட்டாசிக்கு ஒன்றரை மாதம் முன்பே குஞ்சு இறக்குவதைக் குறைத்தால் இது தீரும். சில கம்பெனிகள் குறைக்கவும் செய்கின்றன.

முட்டைக்கோழிக்கு வேகம் இல்லை, கூண்டு இருக்கிறது. 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் உள்ள கூண்டில் மூன்று கோழி என்றால் ஒன்றுக்கு 60 சதுர அங்குலம், ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. இறக்கையை விரிக்க முடியாது. மண்ணில் புரள்வது, கிளறுவது, மறைவில் முட்டையிடுவது எதுவும் கிடையாது. ஒன்றேகால் வருடம், ஒன்றரை வருடம் அப்படி. இத்தோடு, ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு சேவல் குஞ்சு பொரித்த அன்றே போய்விடுகிறது. முட்டை போடாது, கறியும் பிடிக்காது என்பது காரணம். முட்டை சைவமா என்று விவாதிப்பவர்கள் இந்தக் குஞ்சையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். வாரம் ஒரு கிலோ கறி எடுக்கும் குடும்பத்துக்கு வருடத்தில் 52 கிலோ. கோழி என்றால் ஒன்றுக்கு 1.3 கிலோ கறி தேறும், 40 உயிர். 22 கிலோ ஆடு என்றால் 10, 11 கிலோ தேறும், 5 உயிர். வெள்ளாட்டங்கறி விலை ஏறியதால் நாம் கோழிக்கு மாறினோம், சாவு எட்டு மடங்கு ஆனது. உயிர்களை எண்ணுவது மட்டும் அறம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எண்ணாமலே இருப்பதும் சரியல்ல.

மீனை இந்தப் பேச்சில் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மேட்டூரிலும் பவானிசாகரிலும் வலையில் வருவதில் காட்டு உயிரும் உண்டு, மீன்வளத் துறை குஞ்சு விட்டு வளர்ந்ததும் உண்டு. இரண்டும் ஒரே மாதிரிதான் சாகின்றன, காற்றில் வாயைத் திறந்து திறந்து மூடி, பல நிமிடம். தலையில் ஒரே அடி அடித்துச் செவுளை அறுத்துவிட்டால் அந்த நிமிடங்கள் இல்லை, மீனும் கெடாமல் நிற்கும்.

இத்தனைக்கும் நடுவில் நம் ஊரில் மூன்றாவதாக ஒரு வழி காலங்காலமாக இருக்கிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழைக்குப் புல், கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய். செம்மறியைக் காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் அதுபாட்டுக்கு மேயும். உழாத மண், வாங்காத தீவனம். குட்டி தாயோடு திரிகிறது, வெயிலில் வேலமர நிழலில் படுக்கிறது, மந்தையாக ஓடுகிறது. மேய்ச்சல் நிலம் என்பதால் அதே கொரங்காட்டில் கௌதாரியும் முயலும் ஓணானும் சேர்ந்து வாழ்கின்றன. மக்காச்சோளக் காட்டில் அவற்றுக்கு இடமில்லை. அங்கே தப்பு நடக்காமல் இல்லை. குடற்புழுவுக்கு மருந்து ஊற்றாமல் விட்டால் தாடைக்கடியில் நீர் கோத்து இளைக்கும். மழைக்கு இளம்புல்லில் வயிறு முட்ட விட்டால் துள்ளுமாரி நோயில் ராத்திரியோடு ராத்திரியாக நாலு குட்டி போகும். பருவமழைக்கு முன்னால் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

இப்போது அதற்கும் ஒரு ஆபத்து வந்திருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாகக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்தில் தெருநாய்க் கூட்டம் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகிறது. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் போராடினார்கள். கோழிக்கடைக் கழிவை ரோட்டோரத்திலும் பள்ளத்திலும் கொட்டுவதால்தான் நாய் பெருகி, ரத்த ருசி கண்டு வருகிறது என்கிறார்கள் அவர்கள். கழிவைக் கண்டபடி கொட்டுவது உண்மை, நாய் அதைத் தின்பதும் கண்ணால் பார்ப்பது. மலிவுக் கறியின் மிச்சம், நன்றாக வளர்க்கப்படும் ஆட்டின் கழுத்துக்கு வருகிறது.

ஆகவே நான் எங்கே நிற்கிறேன் என்றால்: காட்டு விலங்கு நம்மிடம் எதையும் கேட்டு வரவில்லை, நாமும் அதற்குத் தீனி போடவில்லை. அதற்கு நாம் தரவேண்டியது இடம் மட்டும்தான். பயிருக்காகக் கொல்ல நேர்ந்தால் குறி தவறாத கையால் ஒரே குண்டில் கொன்று, புதைத்துவிட வேண்டும். வளர்த்த உயிர் அப்படியல்ல. அதைப் பொரிக்க வைத்ததும் ஈன வைத்ததும் நாம். அது எப்படிப் பிறக்கிறது, எவ்வளவு வேகத்தில் வளர்கிறது, எந்தத் தரையில் நிற்கிறது, எந்தக் கத்தியில் சாகிறது என்று அத்தனையும் நம் கையில் இருப்பதால், அத்தனைக்கும் நாம் பதில் சொல்லக் கடன்பட்டவர்கள். வளர்த்துக் கொல்வது வேட்டையைவிட மேலானதாக இருக்க முடியும். ஆனால் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் முடியும். இன்றைக்குக் கோழிக்கு நாம் அதைத் தீர்ப்பதில்லை.

கடைசிக் கடன் சாவு. அதைப் பற்றி நுணுக்கமாகப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படுவதால் கெட்டுப்போவது அந்த உயிர்தான்.

கோழி: செட்டில் ஒரு காலைப் பிடித்து ஒரு கைக்கு நாலைந்து தொங்கவிட்டுத் தூக்கினால் தொடை மூட்டு கழலும், இறக்கை ஒடியும். கடையில் கறியோடு பார்க்கும் ரத்தக்கட்டு அதுதான். ராத்திரியில் மங்கலான வெளிச்சத்தில், இரண்டு காலையும் சேர்த்து, கைக்கு மூன்றுக்கு மேல் இல்லாமல் பிடித்தால் கலவரமும் குறையும், எடையும் குறையாது. கடைத் தராசில் நகராமல் இருக்க இரண்டு இறக்கையையும் முறுக்கிப் பின்னிப் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். ஒரு பக்கெட்டுக்குள் வைத்து எடை போட்டால் அந்தச் சித்திரவதை தேவையே இல்லை. கழுத்தறுப்பில், தாடைக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கத்துப் பெரிய தமனியும் அறுபட்டால் கால் நிமிடம் அளவில் நினைவு போய்விடும். மொட்டைக் கத்தியில் ஒரு பக்க நாளம் மட்டும் அறுபட்டு டிரம்மில் எறிந்தால் ஒரு நிமிடத்துக்கு மேலும் உணர்வோடு கிடக்கும். தகரக் கூம்பில் தலைகீழாக விட்டு அறுத்து, இரண்டு நிமிடம் ரத்தம் வடிய விட்டு, கண்ணின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, இமை மூடாவிட்டால்தான் சுடுதண்ணிக்கோ தோலுரிப்புக்கோ போகவேண்டும்.

ஆடு: முந்தின நாளே வாங்கி, தண்ணீர் வைத்து, தீனி மட்டும் நிறுத்தி ராத்திரி ஓய்வில் விடவேண்டும். சந்தையிலிருந்து இறக்கிய கையோடு அறுப்பது ஆட்டுக்கும் கேடு, கறிக்கும் கேடு. கத்தி கழுத்து அகலத்தைப் போல் இரண்டு மடங்கு நீளம் இருக்கவேண்டும். அறுக்கும்போது கத்தியைத் தூக்காமல் ஒரே இழுப்பில் இரண்டு தமனியும் இரண்டு சிரையும் போகவேண்டும். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மூளைக்குப் போகும் ரத்தம் கழுத்துத் தமனி வழியே போவதால் பதினைந்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும், மாட்டுக்கு அதைவிட அதிக நேரம் ஆகலாம். உடனே தலையைப் பின்னால் ஒடித்து முதுகுத்தண்டைக் குத்துவது பெரிய தப்பு. உடம்பு அசைவது நின்றுவிடும், பார்ப்பவருக்குச் செத்தது போலத் தெரியும், மூளை விழித்திருக்கலாம். கோயிலில் அருவாள் வெட்டு ஒரே வீச்சில் தலை விழுந்தால் சுருக்கமான சாவுதான். குடித்த கையும் தீட்டாத அருவாளும் சேர்ந்து இரண்டாம் வெட்டுக்குப் போனால், அத்தனை நேரம் துளுக்குக்காகக் காத்திருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் சினையாக இருப்பதையும் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் அறுக்கக் கூடாது என்கின்றன. ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12க்கு மேல், நாளுக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. இன்னொரு விதி, ஒரு விலங்கை இன்னொன்றின் கண் எதிரே அறுக்கக் கூடாது என்பது. ஞாயிற்றுக்கிழமை காலை நம் ஊர்க் கறிக்கடைகளில் கொக்கியில் ஒன்று தொங்கும், பக்கத்துத் தூணில் அடுத்தது கட்டியிருக்கும். அது ரத்தத்தை முகர்ந்து கயிறு நீளும் மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பழைய சாக்கைத் தைத்து ஒரு தட்டி கட்டலாம். கட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்கலாம், "ஏனுங்கண்ணா, அத அந்தப் பக்கம் கட்டிப்போடுங்க" என்று. வாடிக்கையாளர் இரண்டு பேர் சொன்னாலே பெரும்பாலான கடையில் நகர்த்திக் கட்டிவிடுவார்கள்.